கில்டோடு (சேர்ந்து ஆடும் குழுவோடு) புது ஆன்லைன் கேமுக்கு மாறலாமா? அது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை முந்தாமல் மூடப்பட்டுவிடுமோ?

மாறலாம், ஆனால் ஆண்டுச் சந்தா இப்போதே கட்டாதீர்கள். நீங்கள் பயப்படுவதுபோல் அது, ஏராளமானோர் ஒன்றாக ஆடும் பழைய ஆன்லைன் கேமான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை முந்தாதுதான். பிழைத்து நிற்க முந்தவும் வேண்டியதில்லை. மாதச் சந்தா கேட்காத கில்ட் வார்ஸ் 2 இன்றும் ஓடுகிறது.

புதியவை பெரும்பாலும் கவிழ்வது கடைசி லெவலில். வார்கிராஃப்டில் 2004 முதல் சேர்ந்த ரெய்டுகளுக்கு (பலர் கூடிப் பெரிய எதிரிகளை வீழ்த்தும் சவால்களுக்கு) ஈடாக முதல் நாளே யாராலும் கொடுக்க முடியாது. வேகமாக முடித்தவர்கள் நண்பர்கள் இருக்கும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார்கள். 2014இல் வந்த வைல்ட்ஸ்டார் 2018இல் மூடப்பட்டது.

வெளியாகி இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள்: நீங்கள் ஆடும் நேரத்தில் ரெய்டுக்கு ஆள் சேர்கிறதா? ஆள் குறைந்து சர்வர்களை இணைக்கிறார்களா?

ஆனாலும் தொடக்கச் சரிவை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். 2010இல் தோற்ற ஃபைனல் ஃபேன்டஸி 14, 2013இல் புதிதாக எழுதப்பட்டு மீண்டு வந்தது.