புதுத் தலைவரை ஊருக்கு எப்படி அறிமுகப்படுத்துவது?

கேள்வி: எங்கள் சேவைக் குழு ரத்ததானமும் சித்திரைத் திருவிழாவுக்கு நீர்மோர்ப் பந்தலும் நடத்துகிறது. புதுத் தலைவரை ஊர்க்கூட்டத்தில் அறிமுகப்படுத்தும் பொறுப்பு எனக்கு. என்ன பேசலாம்?
- வாசகி, அப்பன்திருப்பதி

பதில்: மூன்று நிமிஷம் போதும் அம்மா. படிப்பு, தொழில், குடும்பம் எல்லாம் ஒரே வாக்கியத்தில் முடியட்டும். 'சிறந்த பண்பாளர்' என்பதை விட்டுவிட்டு, அவர் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். 'போன வருஷம் பந்தல் பிரித்த பிறகும் இருந்து ரோட்டில் கிடந்த டம்ளரைக் கூட்டி அள்ளியவர்' என்றால் ஊருக்கு ஆள் புரிந்துவிடும். பொன்னாடை வேண்டாம், ஒருவருக்குப் போர்த்தினால் மேடையில் இருக்கிற அத்தனை பேருக்கும் போர்த்த வேண்டி வரும், நேரம் அதிலேயே போய்விடும்.

அடுத்து, எதற்கு யாரைக் கூப்பிடுவது என்று சொல்லுங்கள். பொறுப்பாளர்களையும் பெயர் சொல்லி எழுந்து நிற்க வையுங்கள். தலைவரை மட்டும் காட்டினால் ராத்திரி ரத்தம் கேட்கிற போனிலிருந்து பந்தலுக்குக் கீற்று வாங்குவது வரை அவர் தலையில்தான் விழும். நல்ல தலைவர்கள் பாதியில் ஒதுங்கிவிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

ரத்தம் கேட்டுக் கூப்பிடுகிறவர் ரத்த வகை, எத்தனை யூனிட், எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று சொல்ல வேண்டும். இதை மைக்கிலேயே சொல்லிவிடுங்கள். கொடுக்கிறவருக்கு வயது 18 முதல் 65 வரை, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஒருமுறை கொடுத்த ஆண் 90 நாள், பெண் 120 நாள் கழித்தே மறுபடி கொடுக்கலாம். கடைசியாகக் கொடுத்த தேதி பொறுப்பாளர் நோட்டில் இல்லாவிட்டால், அவசரத்துக்குக் கூப்பிட்ட ஆள் 'போன மாசம்தானே கொடுத்தேன்' என்பார்.

மோர்ப் பொறுப்புக்குக் கறாரான ஆளாகப் பாருங்கள். ஒரு லிட்டர் தயிருக்கு நாலு லிட்டர் குடிதண்ணீர் கணக்கு. அழகர் உங்கள் ஊர் வழியாக வருகிற அன்று காலையிலேயே மொத்தத்தையும் கரைத்து வைத்தால் மதியத்துக்குள் புளித்துவிடும். தயிரைக் குளிர்ச்சியாக வைத்துக்கொண்டு, ஒரு குடம் தீரும்போது அடுத்த குடம் கரைக்க வேண்டும். ஐஸ் பாளத்தை மோருக்குள் போடவே கூடாது. மீனுக்குப் போடுகிற ஐஸும் கடையில் அதுதான்; எந்தத் தண்ணீரில் உறைய வைத்தது என்று யாருக்கும் தெரியாது. பாத்திரத்தைச் சுற்றி வெளியே அடுக்குங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்கூட்டியே பதிவு செய்வதும் இவர் வேலை.

கேள்வி: தலைவர் மாறிவிட்டார். வங்கிக் கணக்கு, நன்கொடை எண் எல்லாம் பழையவர் பெயரில் இருக்கின்றன. என்ன செய்வது?
- வாசகர், ஒத்தக்கடை

பதில்: முதலில் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். அதன் நகலோடு புதியவர்களின் ஆதார், பான், போட்டோவைக் கொண்டுபோனால் வங்கியில் கையெழுத்தை மாற்றித் தருவார்கள். மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வையுங்கள். குழு 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவானது என்றால், நிர்வாகிகள் மாறியதை மாவட்டப் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். ஒரே நிர்வாகக் குழு மூன்று வருஷத்துக்கு மேல் நீடிக்கவும் கூடாது.

எல்லோரும் கோட்டை விடுவது பழைய நோட்டீஸில். அதில் இருக்கும் கியூஆர் கோடைப் பார்த்து ஜனங்கள் பழையவருக்கே பணம் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒன்றும் அறியாத மனுஷன் மேல் பழி விழும். டீக்கடை, கோயில் வாசல், ரேஷன் கடை என்று ஒட்டிய இடமெல்லாம் போய்க் கிழித்துவிட்டு, புதுசை ஒட்டுங்கள்.