குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு எவ்வளவு சம்பளம் கொடுப்பது?

மாதம் இவ்வளவு என்று மொத்தமாகப் பேசாமல் மணிக்கணக்கில் தொடங்குங்கள். காலை 8 முதல் மாலை 6 வரை, வாரம் 5 நாள் என்றால் 50 மணி நேரம். உங்கள் பகுதியில் நடப்புக் கூலி என்ன, சட்டப்படி குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று விசாரித்து அதோடு பெருக்குங்கள். கைக்குழந்தை, இரட்டைக் குழந்தைகள், நல்ல அனுபவம் என்றால் கூடுதலாகத்தான் தர வேண்டும்.

சண்டை வருவது பெரும்பாலும் தொகையால் அல்ல, ‘அப்படியே பாத்திரத்தையும் கழுவிடுங்க’ என்பதால்தான். வீட்டு வேலையும் உண்டென்றால் அதற்குத் தனியாகப் பேசிவிடுங்கள். அப்புறம், நீங்கள் தாமதமாக வந்தால் அந்த நேரத்துக்கும் காசு உண்டு. நீங்கள் ஊருக்குப் போகும் வாரத்தில் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். அவர் வரத் தயார்தானே? 2011இல் நிறைவேறிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை, வீட்டுப் பணியாளருக்கு வாரம் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது.