உப்புநீர் மீன் தொட்டியில் புது மீன் விட்டால் ஏன் சண்டையும் வெள்ளைப் புள்ளி நோயும் வருகின்றன?

முதலில் குவாரன்டைன். அதாவது, புது மீனை நேரே பெரிய தொட்டியில் விடாமல் தனித் தொட்டியில் 4 முதல் 6 வாரம் வைத்துப் பார்ப்பது. மணல், பாறை வேண்டாம். ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டு போதும்.

காரணம் இது. வெள்ளைப் புள்ளி என்பது ஓர் ஒட்டுண்ணி. மீனின் தோலிலும் செவுளிலும் சில நாள் தின்றுவிட்டு உதிரும். மணலிலோ பாறையிலோ ஒட்டிக்கொண்டு, கூட்டுக்குள் பலமடங்காகப் பெருகி, நீந்தி வந்து மறுபடி மீனைப் பிடிக்கும். இதற்குத் தரும் செம்பு மருந்து அந்த நீந்தும் பருவத்தைத்தான் கொல்லும். கூடவே பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும் என்பதால் பெரிய தொட்டியில் ஊற்ற முடியாது.

சண்டைக்கு வருவோம். அன்ரிசர்வ்ட் பெட்டியில் முன்பே கால் நீட்டி உட்கார்ந்தவர், அடுத்த ஸ்டேஷனில் ஏறுபவரை முறைப்பாரே, அதே கதைதான். தன்னைப் போன்ற உருவமும் இரையும் கொண்ட மீனென்றால் கோபம் இன்னும் அதிகம். மஞ்சள் டேங் என்னும் மீன் இருக்கும் இடத்தில் இன்னொரு டேங் மீனை விட்டுப் பாருங்கள், வால் பக்கத்து முள்ளால் கீறிவிடும். கண்ணாடி போலத் தெளிவான, துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் புதியதைச் சில நாள் பெரிய தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுங்கள். திறந்துவிடும் அன்று பாறைகளை இடம் மாற்றி, விளக்கை அணையுங்கள். முரட்டு மீனைக் கடைசியில் வாங்குவதே உத்தமம்.

புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். ஒட்டுண்ணி மீனைவிட்டு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.