தோள்வலிக்கு எந்த மவுஸ் நல்லது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் ஓர் அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையம்) ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஆதார், ரேஷன் கார்டு, பென்ஷன், ஸ்காலர்ஷிப் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை விண்ணப்பம் போட்டபடியே இருப்பேன். நான்கு மாதமாக வலது தோளிலிருந்து முழங்கை வரை வலி. ராத்திரி முறிவெண்ணெய் என்ற ஆயுர்வேதத் தைலம் தேய்த்துப் படுத்தால் காலையில் தேவலை. மத்தியானத்துக்குள் மறுபடி வந்துவிடுகிறது. கீபோர்டு மேசைக்கு அடியில் உள்ள இழுப்புத் தட்டில் இருக்கிறது, மவுஸ் மேலே மேசையில். நிமிர்ந்து நிற்கிற மவுஸ், பந்து வைத்த மவுஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்கட்டும்? இடது கைக்கு மாறினால் சரியாகுமா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அன்புள்ள சகோதரி, எந்த மவுஸ் என்பதற்குப் பிறகு வருகிறேன். கீபோர்டு தட்டில், மவுஸ் மேலே என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் தோள்வலிக்கு முதல் காரணம் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் ஊர்க் கம்ப்யூட்டர் மேசைகளில் அந்தத் தட்டு கீபோர்டு அளவுக்குத்தான் இருக்கும். மவுஸுக்கு இடம் கிடையாது. அதனால் ஒவ்வொரு கிளிக்குக்கும் கையை முன்னால் நீட்டி, மேலே தூக்கி, கொஞ்சம் வெளிப்பக்கமும் விரிக்கிறீர்கள். ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம். அறுபது கிலோ உள்ளவருக்கு அது மூன்று கிலோ. முழங்கைக்குக் கீழே தாங்கல் இல்லாவிட்டால் அந்த மூன்று கிலோவையும் கழுத்தடித் தசையும் தோள்பட்டைத் தசையும்தான் நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். தூங்கி எழுந்தால் குறைவதும், வேலை ஏற ஏறத் திரும்புவதும் இப்படிச் சுமை தாங்கிய தசை வலியின் வழக்கம். நீட்டிய கையில் எந்த விலை மவுஸைக் கொடுத்தாலும் தோள் அதே பாரத்தைத்தான் சுமக்கும்.

ஆகவே முதல் செலவை மவுஸில் போடாதீர்கள், கீபோர்டில் போடுங்கள். வலது ஓரத்தில் எண் பட்டைகள் இல்லாத சிறிய கீபோர்டு கடைகளில் கிடைக்கிறது. வழக்கமான கீபோர்டைவிடச் சுமார் எட்டு சென்டிமீட்டர் அகலம் குறைவு. அதைத் தட்டின் இடது ஓரமாகத் தள்ளினால் பல மேசைகளில் மவுஸும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடும். ஆதாரின் 12 இலக்கத்தை எண் பட்டையில் அடித்துப் பழகிய கைக்கு இது சங்கடம் என்று தெரியும். எண் பட்டை மட்டும் தனியாக யூ.எஸ்.பி.யில் வருகிறது, அதை இடது பக்கம் வைத்துக்கொள்ளலாம். தட்டில் அப்போதும் இடம் போதாவிட்டால் அதை உள்ளே தள்ளிவிட்டு, கீபோர்டு, மவுஸ் இரண்டையும் மேசைக்கு ஏற்றுங்கள். நாற்காலியில் தலையணை போட்டு, முழங்கை மேசை மட்டத்துக்கு வருகிற வரை உயர்ந்து உட்காருங்கள். கால் தரையில் எட்டாது, ஆகவே பாதத்துக்குக் கீழே ஒரு மணைப் பலகை கட்டாயம். முன்கை பாதியாவது மேசைமேல் படுத்திருக்க வேண்டும்.

இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. அலுவலக ஊழியர்களிடம் நடந்த சோதனைகளை 2018-இல் மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. முன்கைத் தாங்கலும் மாற்று மவுஸும் சேர்ந்திருந்தபோது கழுத்து, தோள் தொல்லைகள் குறைந்ததாகத் தெரிந்தது. மவுஸை மட்டும் மாற்றியதற்கு அப்படி உறுதியான பலன் தென்படவில்லை.

இனி மவுஸுக்கு வருவோம். வலி எங்கே என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண மவுஸைப் பிடிக்கும்போது உள்ளங்கை தரையைப் பார்க்கிறது. முன்கையின் இரண்டு எலும்பும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகத் திரும்பி நிற்கின்றன. நிமிர்ந்த மவுஸில் கை குலுக்குகிற வாக்கில் கை இருப்பதால் அந்த முறுக்கு குறையும். முழங்கையின் வெளிப்புறமும் மணிக்கட்டும் வலிப்பவர்களுக்கு இது ஏற்றது. ஆனால் இதையும் கையால் நகர்த்தித்தான் ஆக வேண்டும், எனவே தோளுக்குப் பெரிய ஓய்வு இல்லை. கைக்குப் பெரிதாக இருந்தால் இறுக்கிப் பிடித்து வேறு வலி வரும். கடையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது.

பந்து மவுஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். விரல்தான் பந்தை உருட்டும். தோளை அசைக்கவே வேண்டாம் என்பதால் உங்கள் வலிக்கு நான் சொல்வது இதைத்தான். (மவுஸ் பிறப்பதற்கு முன்பே பிறந்தது இது. 1950-களின் தொடக்கத்தில் கனடா கடற்படைக்காகச் செய்த ஒன்றில் பவுலிங் பந்தையே வைத்திருந்தார்கள்.) கட்டைவிரலால் உருட்டுவது, நடுவிரல்களால் உருட்டுவது என இரண்டு வகை உண்டு. போனில் கட்டைவிரலாலேயே டைப் செய்பவர் என்றால் இரண்டாவது வகையை எடுங்கள். கட்டைவிரலடித் தசைநாண் உறை வீங்கிக்கொண்டால் அது தனி அவஸ்தை. விலை நிமிர்ந்த மவுஸைப் போல மூன்று நான்கு மடங்கு ஆகலாம். கை பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். போட்டோவை அளவாக வெட்டும் வேலைக்கு மட்டும் ஆரம்பத்தில் பழைய மவுஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பந்து உட்காரும் குழியில் தூசி சேர்ந்தால் ஓட்டம் தடைபடும். பந்தை வெளியே எடுத்துத் துடைத்தால் சரியாகிவிடும்.

இடது கைக்குத் தாராளமாக மாறலாம், ஆனால் முழுக்க அல்ல. சும்மா பக்கம் நகர்த்துவது, பி.டி.எஃப். திறப்பது போன்ற வேலையை இடது கைக்குக் கொடுங்கள். அந்தப் பக்கம் தனி எண் பட்டை வைக்காவிட்டால் மவுஸ் உடம்புக்கு நெருக்கமாகவே இருக்கும். எல்லாவற்றையும் இடது தோள்மேல் ஏற்றினால் ஆறு மாதத்தில் அதைப் பற்றி இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

காசில்லாத வழியும் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் கட்டத்துக்குக் கட்டம் போக டேப் பட்டன், பின்னால் வர ஷிஃப்ட்டும் டேப்பும், டிக் அடிக்க ஸ்பேஸ். மாவட்டப் பட்டியல் போல விரிகிற இடங்களில் பெயரின் முதல் எழுத்தை அடித்தாலே பெரும்பாலும் அங்கே போய் நிற்கும். மவுஸ் செட்டிங்கில் அம்புக்குறியின் வேகத்தைக் கூட்டினால் சின்ன அசைவே போதும்.

ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் முடி பின்ன முடிகிறதா? முதுகுக்குப் பின்னால் கை எட்டுகிறதா? முடியாமல் இறுகி நின்றால், குறிப்பாகச் சர்க்கரை இருந்தால், அது தோள்மூட்டு உறைந்துபோகும் நோயாக இருக்கலாம். விரல் மரத்துப்போவது, டம்ளர் கைதவறுவது, வலியில் தூக்கம் கலைவது, கழுத்தைத் திருப்பினால் கைக்குள் சுளீரென இறங்குவது, இவற்றில் எது இருந்தாலும் எண்ணெயோடு நிற்காதீர்கள். சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரியிலோ, பஸ் வசதிப்படி பொள்ளாச்சி அரசு ஆஸ்பத்திரியிலோ எலும்பு மருத்துவரைப் பார்க்க வழி கேளுங்கள். போகும்போது நீங்கள் வேலை செய்கிற கோலத்தைப் பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.