டான் குயிக்ஸாட்டுக்குப் படம் வரைவது: கேள்வி பதில்

கேள்வி: எல்லாப் பதிப்பிலும் டான் குயிக்ஸாட் நடுங்கும் கிழவராகவே வருகிறார். வீரக்கதைகளைப் படித்துத் தன்னையே ஒரு வீரனாக நம்பிக் கிளம்பும் இந்த மனிதரை, நாவலாசிரியர் செர்வான்டிஸ் ஸ்பானிய மொழியில் அப்படியா எழுதினார்?

பதில்: இல்லை. 1605-இல் வந்த முதல் பாகத்தில் அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. வற்றிய உடம்பு, ஒட்டிய முகம், ஆனால் திடமான கட்டு. விடியலிலேயே எழுந்து வேட்டைக்குப் போகும் ஆள். ஒல்லியை எல்லோரும் வரைகிறார்கள், அந்தத் திடத்தை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: அவருடைய உதவியாள் சாஞ்சோ?

பதில்: ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு பழைய கையெழுத்துப் பிரதி கிடைக்கிறது. அதிலுள்ள படத்தில் சாஞ்சோவுக்குப் பெரிய தொந்தி, குட்டை உடம்பு, நீளமான கால்கள். நாவலே படம் வரைந்து கொடுத்தும் அந்தக் கால்களைப் பலர் கவனிப்பதில்லை.

கேள்வி: இந்த நாவலுக்குப் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தோரே வரைந்த படங்களில் இத்தனை சாம்பல் நிறம் எப்படி வந்தது? பேனாக் கோடுகளா?

பதில்: பேனா இல்லை, மரம். 1863-இல் பாரிஸில் வந்த பதிப்பு அது, ஏறத்தாழ 370 படங்கள். பாக்ஸ்வுட் மரத்தைக் குறுக்காக அறுத்து இழைத்த கட்டையில் தோரே தூரிகையால் நேரடியாக வரைவார். அதை எலியோதோர் பிசான் உளியால் செதுக்குவார். செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் மசி வாங்கும். இருப்பது ஒரே கறுப்பு மசிதான். கோடு எவ்வளவு மெல்லியது, எவ்வளவு நெருக்கம் என்பதில்தான் சாம்பல் பிறக்கிறது. தோரே தூரிகையில் கரைத்துவிட்ட நிழலை எந்தக் கோடாக்குவது என்று முடிவு செய்தது பிசானின் கை. பல படங்களின் அடியில் இருவர் கையெழுத்தும் இருக்கிறது, ஆனாலும் தோரேயை மட்டும்தான் பேசுகிறோம். எனக்கு இது பெரிய மனக்குறை.

கேள்வி: நான் கறுப்பு மசியில்தான் வரைகிறேன். எந்தக் காட்சியில் தொடங்கலாம்?

பதில்: காற்றாலைகளை அரக்கர்கள் என்று எண்ணி அவர் மோதும் பிரபலமான காட்சி வேண்டாம், அப்புறம் பார்க்கலாம். முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். டான் குயிக்ஸாட் அட்டையால் தலைக்கவசத்தின் முன்பாதியைச் செய்கிறார். வாளால் வெட்டிச் சோதிக்கிறார், ஒரு வார உழைப்பு ஒரே வெட்டில் போய்விடுகிறது. உள்ளே இரும்புப் பட்டை வைத்துத் திரும்பச் செய்கிறார், இந்த முறை சோதிக்கவில்லை. வாளை எடுக்காமல் நின்றுவிட்ட அந்தக் கையை வரையுங்கள்.