பாட்டிலுக்கு அனுமதி உண்டு, முக்குவதற்கு இல்லை

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்கிறார்: “அடுத்த மாதம் வீட்டில் அறுபதாம் சாந்தி. முப்பது தார் பூவன் வேண்டும். காரைக்குடியில் விலை பேசப் போன இடத்தில் ஒரு பையன் காய்ச் சீப்புகளை டிரம்மில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, ‘கல் இல்லை ஆச்சி, எத்ரல். கவர்மென்ட் அனுமதிச்ச மருந்து’ என்று கடைக்காரர் பாட்டிலைக் காட்டினார். அதில் பதிவு எண்ணும் இருந்தது. பேரப்பிள்ளைகள் சாப்பிடப்போகிற பழம். நம்பி வாங்கலாமா?”

வாங்காதீர்கள், ஆச்சி. பாட்டிலில் பதிவு எண் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த எண் அவருடைய டிரம்முக்குப் பொருந்தாது.

அந்த மருந்தின் பெயர் எத்திபான். எத்ரல் என்பது கடையில் வழங்கும் பெயர். பயிர் வளர்ச்சி ஊக்கி வகையைச் சேர்ந்தது. புளிப்பு குறைந்த இடத்துக்குப் போனதும் உடைந்து எத்திலீன் வாயுவைத் தரும். வாழையும் மாவும் பழுக்கும்போது தாமே உண்டாக்கிக்கொள்ளும் வாயுவும் அதுதான். அந்தக் காலத்தில் தாரை அறையில் அடுக்கிப் புகைமூட்டம் போட்டார்களே, அந்தப் புகையிலும் எத்திலீன் இருந்தது. கல் என்கிற கால்சியம் கார்பைடு வேறு. அதிலிருந்து வருவது அசிட்டிலீன். கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கும் என்பதால் அதை வைத்துப் பழுக்க வைக்க முழுத் தடை. அந்த வகையில் கடைக்காரர் சொன்னதில் பாதி சரி.

மீதிப் பாதிதான் சிக்கல். பூச்சிமருந்து, வளர்ச்சி ஊக்கி எதுவானாலும் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்தியப் பதிவுக் குழுவிடம் பதிவு செய்த பிறகே விற்க முடியும். குழு பார்ப்பது மருந்தை மட்டுமல்ல. எந்தப் பயிருக்கு, எந்தப் பருவத்தில், எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு மருந்து, அடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. அன்னாசி ஒரே சமயத்தில் பூக்க, ரப்பர் மரத்தில் பால் கூடுதலாகச் சுரக்க என்று எத்திபானுக்கு வயலில் உரிய வேலைகள் உண்டு. லேபிளில் சொன்னபடி அடித்துப் பார்த்து, காயில் எவ்வளவு மருந்து எச்சமாகத் தங்குகிறது என்று அளந்தபிறகே உச்சவரம்பு வைக்கிறார்கள். விற்கும் இடத்தில் ஒருவர் மூடிக் கணக்கில் ஊற்றி முக்குவதை யாரும் அப்படி அளந்து அனுமதிக்கவில்லை.

எவ்வளவு தின்றால் ஆபத்தில்லை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் வல்லுநர் குழு, எத்திபானுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.05 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. நரம்பு வேலைக்குத் தேவையான கோலின்எஸ்டரேஸ் வகை நொதிகளை இது மட்டுப்படுத்தக்கூடும் என்பதே அவர்கள் முக்கியமாகக் கவனித்த விஷயம். மனிதர்களிடம் செய்த ஆய்வில் ஒரு கிலோ எடைக்கு 0.5 மில்லிகிராம் வரை பாதிப்புத் தெரியவில்லை. ஒருவர் உடம்பு போல் இன்னொருவர் உடம்பு இருக்காது என்று அதைப் பத்தால் வகுத்தார்கள். வாழ்நாள் முழுக்கத் தினமும் சாப்பிடுவதற்கும், ஒரே நாளில் சாப்பிடுவதற்கும் வைத்த அளவு இரண்டும் ஒன்றே. அதனால் ‘விசேஷத்துக்கு ஒருநாள்தானே’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

ஒரு பேச்சுக்கு, கிலோவுக்கு 2 மில்லிகிராம் எச்சம் உள்ள பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோ எடையுள்ள உங்களுக்கு வரம்பு 2.5 மில்லிகிராம், அதாவது ஒன்றேகால் கிலோ பழம். 15 கிலோ எடையுள்ள பேத்திக்கு 0.75 மில்லிகிராம்தான். 375 கிராமில், ஐந்தாறு பூவனில், வரம்பைத் தொட்டுவிடுவாள். வரம்பைத் தொட்டவுடன் நோய் வந்துவிடாது. இடைவெளி விட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். புற்றுநோய் வரும் என்று பரப்பப்படும் செய்திகளையும் நம்பி மிரள வேண்டாம், அந்த வல்லுநர் குழு அப்படிச் சொல்லவில்லை. என் கவலை, அந்த டிரம்மிலிருந்து வரும் பழத்தில் எச்சம் இரண்டா இருபதா என்று கடைக்காரருக்கே தெரியாது என்பதுதான்.

எனக்கு உங்களைவிட அந்தப் பையனைப் பற்றித்தான் அதிகக் கவலை. கலக்காத எத்திபான் கடும் அமிலம். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. இதே வேலை செய்த ஒருவரின் கைகளை நான் பார்த்திருக்கிறேன். விரலிடுக்கெல்லாம் தோல் வெளுத்து உரிந்திருந்தது. கையுறை கொடுக்கவில்லையா என்று கேட்டேன். “வழுக்குதுங்க” என்றார்.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை பழுக்க வைக்க அனுமதித்தது. எத்திபானை அந்த வாயுவைத் தரும் மூலமாக மட்டுமே, பழத்தில் படாமல், வைக்கலாம். கரைசலில் முக்குவது விதிமீறல் என்று 2025 மே மாதத்திலும் மாநிலங்களுக்கு நினைவூட்டியது. ஆகவே “கல் போட்டதா?” என்று மட்டும் கேட்காதீர்கள், “முக்கினதா, சேம்பரில் வைத்ததா?” என்று கேளுங்கள். குளிரூட்டிய சேம்பரில் 15 முதல் 18 டிகிரியில் சுமார் ஒரு நாள் வாயு கொடுப்பார்கள். பிறகு மஞ்சள் ஏற மூன்று நான்கு நாள் ஆகும்.

தோலின் நிறத்தை வைத்து எச்சத்தைக் கண்டுபிடிக்க முடியாது. காம்பு பச்சையாக இருந்தால் மருந்து என்பதெல்லாம் உறுதியான சோதனை இல்லை. ஏற்கெனவே வாங்கிவிட்ட பழமானால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி உரித்துச் சாப்பிடுங்கள். எத்திபான் நீரில் கரையும், மேலே ஒட்டியது குறையும். உள்ளே இறங்கியது போகாது. சந்தேகம் தீரவேண்டுமென்றால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி நீங்களே கட்டணம் கட்டி மாதிரியைப் பரிசோதிக்கக் கொடுக்கலாம். குறை நிரூபணமானால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். முக்குவதைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓர் அறை காலியாக இருந்தால் முற்றிய காய்த்தாராக வாங்கிவிடுங்கள். சீப்புகளை வைக்கோலில் அடுக்கி, இடையிடையே நன்கு பழுத்த பழம் ஒன்றிரண்டு செருகிச் சாக்கால் மூடுங்கள். அந்தப் பழங்கள் விடும் எத்திலீனே போதும். காயின் முற்றலைப் பொறுத்து நாள் மாறும். பத்து நாளைக்கு முன்பே ஒரு தாரை மட்டும் இப்படிப் போட்டு, எத்தனையாவது நாள் பழுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மீதி இருபத்தொன்பதையும் அந்தக் கணக்கில் போடலாம்.