சான்றிதழில் என்ன பெயர் இருக்கும்?

அண்ணா, வணக்கம். போன வாரம் பாலக்கோட்டிலிருந்து மகள் படிப்புக்கு ஆலோசனை கேட்க என்னிடம் வந்து, தக்காளி விலை போகாத கதையில் ஆரம்பித்து, எழுந்து போகும்போதுதான் வாசலில் நின்று கேட்டீர்கள்: "பாப்பா பெண்ணியம், பௌத்தம்னு ஏதோ படிக்கணுங்குது, அதப் படிச்சா சோறு கிடைக்குமா, இல்ல மொட்டை போட்டுக்கிட்டு எங்கயாவது போயிருமா?" அன்றைக்கு அடுத்தவர் காத்திருந்தார், சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டில் பாப்பாவையும் உட்கார வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

மொட்டை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். டிஎன்பிஎஸ்சி-க்குத் தயாராகிற பிள்ளைகள் பௌத்தக் காப்பியமான மணிமேகலையைக் கரைத்துக் குடிக்கிறார்கள், 30 காதை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களில் ஒருத்தரும் துறவு பூண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அப்புறம், இவள் இரண்டு வேறு வேறு பாடத்தைக் கேட்கவில்லை, ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள். புத்தரை வளர்த்த சிற்றன்னை மகாபிரஜாபதி கௌதமி தனக்கும் துறவு வேண்டும் என்று கேட்டபோது முதலில் கிடைக்கவில்லை, பிறகு எட்டு விதிகளோடு கிடைத்தது என்கின்றன பழைய நூல்கள். அதில் ஒரு விதி, துறவு பூண்டு நூறு வருடம் ஆன பெண்ணும் அன்றைக்குத்தான் துறவு பூண்ட ஆணை எழுந்து வணங்க வேண்டும் என்பது. இதைப் புத்தரே சொன்னாரா, பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்களா என்று இன்றுவரை அறிஞர்கள் மோதிக்கொள்கிறார்கள். அதே மரபுதான், பெண் துறவிகள் தாங்களே பாடியதாகச் சொல்லும் தேரிகாதையையும் பாலி மொழியில் பத்திரமாக வைத்திருக்கிறது, 73 பாடல்கள். நம் குண்டலகேசிக் காப்பியத்தின் கதைத்தலைவி அதில் ஒரு தேரியாக, அதாவது மூத்த பெண் துறவியாக வருகிறாள். பெண்ணுக்கு இடம் கொடுத்ததா, கொடுத்துவிட்டுக் கீழே உட்கார வைத்ததா? பாப்பா மண்டையில் ஓடுவது இதுதான், நல்ல கேள்வி.

இதற்காக இமயமலைக்குப் போக வேண்டியதும் இல்லை. ஆத்தூர் பக்கம் தியாகனூரில் பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1898-ல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர்களிடையே வேர்விட்டது, கிருஷ்ணகிரியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடலாம். அந்தக் குடும்பங்களின் பெண்களுக்கு அது என்ன செய்தது என்று போய்க் கேட்டால் அதுவே ஒரு ஆய்வு. பெண்ணியம் என்றால் டெல்லி சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். 1989-ல் தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் ஐ.நா.வின் வேளாண் நிதி உதவியோடு தொடங்கியதே நம் தருமபுரியில்தான். பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் நம் மாவட்டத்துக்கு ஏன் வந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, சோறு. நேராகச் சொல்கிறேன்: பாடம் வேறு, சான்றிதழில் அச்சாகும் பெயர் வேறு. அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆக, பள்ளியில் இருக்கும் பாடத்தில் எம்.ஏ.வும் கூடவே பி.எட்.டும் வேண்டும். பெண்ணியத்தைக் கல்லூரியில் மகளிரியல் என்ற பெயரில் படிப்பார்கள், எந்தப் பள்ளியிலும் அந்த வகுப்பு கிடையாது. பாப்பாவிடம் இருப்பது பி.ஏ. வரலாறு. டீச்சர் வேலைதான் வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டால், சண்டை போடாமல் எம்.ஏ. வரலாறே படிக்கட்டும், ஆய்வேட்டுக்கு மட்டும் பிக்குணிகளை, அதாவது பௌத்தப் பெண் துறவிகளை எடுத்துக்கொள்ளட்டும். தலைப்பு அவளுடையது, சான்றிதழ் ஊருக்கு.

கல்லூரி, ஆராய்ச்சி என்றால் கதை மாறும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் மகளிரியல் தனிப்பாடம். பௌத்தம், சமணம், காந்தியம், அமைதி இவை நான்கும் சேர்ந்து இன்னொரு பாடம். பாலியும் தனியாக உண்டு. அதில் நல்ல மதிப்பெண் எடுத்து ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் ஆரம்பத்தில் மாதம் 37,000 ரூபாய், பி.எச்டி-க்கு ஐந்து வருடம் வரை உங்களிடம் கை நீட்ட வேண்டாம். ஆனால் நிரந்தர உதவிப் பேராசிரியர் இடங்கள் குறைவு, அதை மறைத்து ஆசை காட்ட மாட்டேன். மாவட்டத்திலேயே பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று வேலை வரும், பெரும்பாலும் ஒப்பந்த வேலை, சம்பளம் சுமார்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் குழு வேண்டும், அதில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது 2013 சட்டம். ஓசூர் ஆலைகளில் எத்தனை பெண்கள் வேலைக்குப் போகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். நாலைந்து வருட அனுபவம் சேர்ந்தால் அந்தப் பக்கமும் அழைப்பு வரும், அதை நம்பி மட்டும் குடும்பம் நடத்த முடியாது.

டீச்சர் வேலைதான் என்று பிடிவாதம் இல்லையென்றால் என் யோசனை: எம்.ஏ.வுக்கு மகளிரியல், பி.எச்டி-க்குப் பௌத்தம். தலைகீழாகச் செய்ய வேண்டாம். மகளிரியலுக்குக் கொஞ்சமாவது வெளிவேலை உண்டு, பௌத்தத்துக்குப் பாலி தெரியாமல் உள்ளே போனால் மூச்சு முட்டும். பாலிக்கு 2024-ல் செம்மொழித் தகுதி கிடைத்தது உண்மைதான், அதனால் நாளைக்கே வேலை கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று மாதம் பாலி எழுத்துக் கூட்டிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் ஆசை தாங்கினால் டெல்லி பல்கலைக்கழகத்தின் பௌத்தத் துறையோ, பீகார் ராஜ்கிரில் இருக்கும் நாளந்தா பல்கலைக்கழகமோ பார்க்கலாம். மகளிரியலுக்கு கொடைக்கானல் அன்னை தெரசா பல்கலைக்கழகம் பக்கம், வெளியே போகத் துணிந்தால் ஹைதராபாத். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுகலைப் பிரிவை எழுத வேண்டும், சில வருடங்களாக மார்ச்சில் நடக்கிறது. வாரக் கடைசியில் வந்தால் போதும் என்று பௌத்த டிப்ளமோ விற்கிற இடங்களுக்குக் காசைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

இன்னொன்று, நம் பிள்ளைகள் வழுக்கி விழுகிற இடம். கையில் இருக்கும் சாதிச் சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் போதாது. மத்திய ஓபிசி பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா பார்த்து, கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்ற சான்றிதழை இ-சேவையில் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும், பழைய வருடத்துச் சான்றிதழ் செல்லாது. விண்ணப்பக் கடைசி நாளில் தாசில்தார் அலுவலகத்தில் போய் நிற்கிற பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன்.

வரும் சனிக்கிழமை பாப்பாவை அழைத்து வாருங்கள். நீங்கள் எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு மெதுவாக வந்தால் போதும், அரை மணி நேரம் அவளோடு தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.